என் நடைக்கு முன்னால், என் ஓட்டத்துக்குப் பின்னால்

என் மகள் பெங்களூரில் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன மாதம் போனில் கேட்டாள்.

"அப்பா, இந்தப் பெரிய தேசம் முழுக்கச் சுத்திக்கிட்டே இருக்கிற கேம் இருக்குல்ல, அதுல எதெல்லாம் இருக்கவே கூடாதுன்னு நெனைக்கிறீங்க? ஆபீஸ்ல எல்லாரும் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"என்கிட்ட எதுக்கும்மா? சின்னப் பசங்களைக் கேளு."

"சின்னப் பசங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. வயசானவங்க பக்கம் காலியா இருக்கு. எனக்குத் தெரிஞ்சு அந்தப் பக்கம் நீங்க ஒருத்தர்தான்."

அவள் சொன்னது சரிதான். பாபநாசத்தில், ஐம்பது வயதைத் தாண்டி, மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, டிவி முன்னால் உட்கார்ந்து குதிரையில் ஏறி டிராகனைத் தேடிப் போகிறவன் நான் ஒருவன்தான் இருப்பேன். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் விளையாடுவேன். மகள் விட்டுப்போன கேம் பெட்டி அது. தூசி தட்டப் போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஏன் அது பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மனிதர்களோடு பேச வராது. வெளிநாட்டு வேலையை விட்டு ஊரோடு வந்து ஆறேழு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கடைத்தெருவில் பார்ப்பவர்கள், "எப்ப வந்தீங்க? எப்பத் திரும்பிப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். அதற்குக்கூட எனக்கு ஒரு ஒழுங்கான பதில் வராது. சிரித்துவிட்டு வந்துவிடுவேன். கேமில் அந்தத் தொல்லை இல்லை. எதிரில் ஒருவன் ஏதாவது கேட்டால், சொல்லவேண்டிய பதில் நாலு வரியாகத் திரையின் கீழே வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் போதும், திரையில் இருக்கும் என் ஆள் என் சார்பாகப் பேசிவிடுவான். வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

ஆனாலும் குறைகள் உண்டு. மகளிடம் சொன்னேன். கோட்டை வாசலில் நிற்கும் காவலாளி நான் எத்தனை தடவை போனாலும் அதே ஒரு வாக்கியத்தைச் சொல்கிறான், அது வேண்டாம். பைக்குள் கொஞ்சம் அதிகமாகச் சாமான் சேர்ந்துவிட்டால் நம் ஆளுக்கு ஓட முடியாமல் போய்விடுகிறது. மாட்டு வண்டிக்குப் பின்னால் நடக்கிற மாதிரி நடக்கிறான், அதுவும் வேண்டாம். உலகமே அழியப்போகிற நேரத்தில் வழியில் ஒருத்தி நிறுத்தி, "என் கோழியைக் காணோம், பிடிச்சுக் குடுக்கிறியா?" என்கிறாள், அதுவும் வேண்டாம்.

"அப்புறம், அந்தத் துணைக்குப் போற வேலை இருக்கே, அதை மொதல்ல எடுக்கச் சொல்லும்மா."

"எல்லாரும் அதைத்தான்பா மொதல்ல சொல்றாங்க!"

விளையாடாதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒரு வியாபாரியையோ ஒரு சாமியாரையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நாம் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கவேண்டும். நாம் நடந்தால் அந்த ஆள் நம்மைவிட வேகமாக முன்னால் போவார். சரி என்று ஓடினால் பின்னால் தங்கிவிடுவார். நமக்கும் அவருக்கும் வேகம் ஒத்தே வராது. வாசற்படியில் நின்றுகொண்டு வழியை அடைப்பார். கரடியைப் பார்த்தால் எல்லோரும் ஓடுவார்கள், அவர் கிட்டே போவார். அவரை விட்டுவிட்டு நாம் கொஞ்ச தூரம் போய்விட்டால் திரை கறுத்துவிடும், தோற்றுவிட்டாய் என்று எழுத்து வரும். மறுபடி முதலிலிருந்து.

இதையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். போனை வைத்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, தனியா சிரிக்கிறீங்க?"

"மாமா நெனப்பு வந்துடுச்சு. எதிர்வீட்டு மாமா."

"அவரா! அந்தப் பொட்டிக்குள்ளயும் வந்துட்டாரா?" என்றாள்.

அவர் எனக்கு உறவில்லை. எதிர்வீட்டுக்காரர், தெரு முழுக்க அவரை மாமா என்றுதான் கூப்பிடும். சைக்கிள் கடை ஒன்று அவர் பெயரில் இருந்தது. அதை அவருடைய மச்சினன் பார்த்துக்கொண்டார். "அத்தான் கடையில உக்காந்தா பஞ்சர் ஒட்ட வர்றவன் பொழுது சாயறவரைக்கும் பேசிட்டு ஒட்டாமப் போயிடுறான்" என்பது மச்சினன் கட்சி. அதனால் அவர் கடையில் இல்லாமல் வெளியே எங்காவது போனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் தெருவிலோ யாராவது எங்காவது போய்க்கொண்டே இருந்தார்கள், ஆனால் யாரையும் தனியாக அனுப்பும் பழக்கம் இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கா, பாஸ்போர்ட் ஆபீசுக்கா, பெண் பார்க்கவா, கூட ஒரு துணை வேண்டும். துணை என்றால் மாமா. வெள்ளை வேட்டி, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நீல ரெக்சின் பை, காலில் ஒரு அளவு பெரிய செருப்பு. காலையில் கூப்பிட்டால் காலையிலேயே கிளம்பிவிடுவார். எதற்கு என்று பஸ் ஏறிய பிறகுதான் கேட்பார்.

கேமில் ஆட்டக்காரன்தான் துணை போகிறவன். எங்கள் ஊரில் அது தலைகீழ். துணைக்கு வருகிறவர் அவர், அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போகிறவன் பொறுப்பு.

அவருக்கு எவரையும் கடந்து போகத் தெரியாது. அவ்வளவுதான் அவரிடம் இருந்த கோளாறு. எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம். அவரோடு போனால் ஒரு பஸ்ஸை விட்டே ஆகவேண்டும். எதிரில் வருகிறவர் தெரிந்தவராக இருந்தால் நின்று பேசுவார். தெரியாதவராக இருந்தால், தெரிந்துகொள்ள நின்று பேசுவார். "எங்கே மாமா கெளம்பிட்டீங்க?" என்று யாராவது ஒப்புக்குக் கேட்டால், ஒப்புக்குப் பதில் சொல்ல மாட்டார். யார், எதற்கு, டாக்டர் போன தடவை என்ன சொன்னார், எல்லாம் நடுத்தெருவில் விளங்கச் சொல்லுவார். பக்கத்து வீட்டு அக்காவின் கர்ப்பப்பைக் கட்டி பற்றி வெற்றிலைக் கடைக்காரருக்குத் தெரிந்தது அப்படித்தான். அக்கா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அடுத்த பரிசோதனைக்கு அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

என் பெரியப்பா மகனுக்கு வலங்கைமான் பக்கம் பெண் பார்க்கப் போனோம். நான், அண்ணன், பெரியப்பா, பெரியம்மா, துணைக்கு மாமா. ஊருக்குள் நுழைந்ததும் மாமா வழக்கம்போல முன்னால் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அந்த வீட்டுக்காரரோடு சம்பா நடவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க" என்று எங்களையும் உட்காரவைத்தார்கள். கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. பெண்ணும் காபியோடு வந்துவிட்டது. அப்போதுதான் பெரியம்மா என் காதில், "போட்டோவுல இருந்த பொண்ணு இது இல்லடா" என்றாள்.

வீடு மாறிவிட்டது. அவர்களும் அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள். முகூர்த்த மாதம், ஒரே தெருவில் இரண்டு வீட்டில் பெண் பார்க்கும் சடங்கு. நாங்கள் எல்லோரும் வியர்த்துப்போய் எழுந்தோம். மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரிங்க மாமா."

"இருப்பா, குடுத்த காப்பியப் பாதியில வெச்சுட்டு எழுந்திரிச்சா அந்தப் புள்ள மனசு என்ன ஆவும்?"

காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். குடித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் நட்சத்திரம், படிப்பு, எப்படிப்பட்ட இடம் எதிர்பார்க்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வெளியே வந்தார். எங்கள் அண்ணனுக்குப் பார்த்த இடம் அமையவில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அந்தத் தை மாதத்துக்குள் மாமாவே ஒரு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். எங்கள் பெரியப்பா அதற்குப் பிறகு அவரை 'எதிர்க்கட்சி' என்றுதான் சொல்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் அவரையே கூப்பிட்டார்கள் என்றால், ராசி. அவர் துணைக்குப் போன காரியம் தாமதமாகுமே தவிரத் தவறியதில்லை என்று தெருவில் ஒரு நம்பிக்கை. என் அம்மாவுக்கு அதில் அசைக்கமுடியாத நம்பிக்கை. ஆகவே எனக்கு மஸ்கட்டுக்கு விசா வந்தபோது, மெட்ராஸ் வரை என்னோடு யார் வருவது என்ற பேச்சே எழவில்லை.

அந்தப் பயணம் தவறக்கூடாத பயணம். அதற்கு முந்தின வருஷம் என்னைத் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்க வாய் வராமல், பிஸ்கட்டும் தண்ணீருமாக ஒரு வாரம் இருந்துவிட்டு ஓடிவந்தவன் நான். "பிளேன்ல ஏறுறான், அதே பிளேன்ல திரும்பிடுவான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என் தங்கைக்கு ஒரு நல்ல இடம் பேசி வைத்திருந்தது. அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான் என்பதுதான் அவர்களிடம் நாங்கள் சொன்ன ஒரே பெருமை. நான் திரும்பினால் அந்தப் பேச்சும் திரும்பிவிடும். அம்மா அதை வாயால் சொல்லவில்லை. சோறு போடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டு வாசலில் கூட்டம். மஸ்கட்டில் யாருக்கெல்லாம் ஆள் இருந்தார்களோ அத்தனை வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள்.

"கால் கிலோதான் மாமா. எலுமிச்சை ஊறுகா."

"போன தடவையும் கால் கிலோன்னுதான் சொன்னே. தூக்குனா கை எறங்குது."

"பாட்டில் கனம் மாமா அது. ஊறுகா கால்தான்."

"பாட்டிலை நீயே வெச்சுக்க, ஊறுகாயை மட்டும் குடு" என்று மாமா சொல்ல, வாசலில் ஒரே சிரிப்பு. சொன்னாரே தவிர எதையும் திருப்பி அனுப்பவில்லை. அப்பளம், வத்தல், கருவாடு, சூரணம், மாமியார் தைத்துக் கொடுத்த உள்பாவாடை, ஒருவனுக்கு அவன் குழந்தையின் மொட்டைத்தலை போட்டோ. பெட்டி என்னுடையது. ஆனால் எதை உள்ளே வைக்கலாம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரைஸ்மில் தராசில் வைத்துப் பார்த்தோம். விமானக் கம்பெனி சொன்ன எடைக்குள் மயிரிழையில் நின்றது.

"இதுக்கு மேல ஒரு உளுந்தம்பருப்புகூட போவக்கூடாது மாமா" என்றார் மில் கணக்குப்பிள்ளை.

"ஏன்யா போவுது?" என்றார் மாமா.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். பாஸ்போர்ட் மாமாவின் நீலப் பையில். நான் எங்காவது வைத்துவிட்டு முழிப்பேன் என்று அம்மா அவரிடம்தான் கொடுத்திருந்தாள். கும்பகோணத்தில் பஸ் நின்றபோது இறங்கினார், மஸ்கட்டுக்கு என்று யாரோ கொடுத்த ஒரு பொட்டலத்தோடு ஏறினார். சிதம்பரத்தில் இறங்கினார், அங்கேயும் ஒன்று. "மாமா, எடை..." என்று இழுத்தேன். "பூ மாதிரி இருக்கு மாப்ள, புடிச்சுப் பாரு" என்றார். என் மடியில் வைத்தார். கனத்தது. பூ மாதிரிதான் இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினேன்.

விழுப்புரத்தில் பத்து நிமிஷம் நிற்கும் என்றார் கண்டக்டர். மாமா இறங்கிப் போனார். பஸ் புறப்பட்டபோது அவர் வரவில்லை.

இந்த இடத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? "ஆள் வரணும், நிறுத்துங்க" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். எனக்கு அது வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பஸ் முழுக்க ஆட்கள், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே. பாஸ்போர்ட் அவரிடம், பெட்டி என்னிடம். பஸ் மெதுவாக வாசலைத் தாண்டித் திரும்பும்போது, பெட்டியையும் பொட்டலங்களையும் அள்ளிக்கொண்டு ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டவன், எல்லோரும் பார்க்கக் குப்புற விழுந்தேன். கண்டக்டர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மாமா சாவகாசமாக வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், இன்னொரு பொட்டலம்.

"ஏன் மாப்ள எறங்கிட்டே?"

"நீங்க ஏறலையே மாமா."

"நான் ஏறலைன்னா, நிறுத்துங்கன்னு ஒரு சத்தம் போடுறது."

நான் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"வாயை எதுக்கு வெச்சிருக்கே? சோறு திங்க மட்டுமா?" என்றார். கோபம் இல்லை. ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார். நான் தின்று முடிக்கும்வரை பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, "அங்க போயி என்னடா பண்ணுவே நீ?" என்றார், என்னிடம் இல்லை, பழத்தோலிடம் கேட்கிறமாதிரி.

வீட்டில் எல்லோரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் வெளியே கேட்டுவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த பஸ் வரும்வரை அவருக்கு அது தெரியக்கூடாது என்று கால அட்டவணையைப் பார்ப்பதுபோல நின்றேன். அதில் பஸ் நேரம் ஒன்றும் தெரியவில்லை, மேலே யாரோ சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள்.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, விசா வாங்கிக் கொடுத்த ஏஜெண்டின் ஆள் வாசலில் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தான். கையில் டிக்கெட், இன்னொரு கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு. வழியில் சேர்ந்த பொட்டலங்களையும் திணித்திருந்த பெட்டியை அதில் மாட்டினான்.

"அஞ்சு கிலோ கூட. உள்ள விடமாட்டாங்க. சீக்கிரம் எதையாவது எடுங்க, கவுண்டர் மூடப்போறான்."

மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பெட்டி திறந்தது. நடைபாதையில் எங்கள் தெருவே விரிந்தது.

"இது ராஜகிரிப் பையனுக்கு அவன் பொண்டாட்டி குடுத்த எள்ளுருண்டை. கல்யாணமாகி நாப்பதாம் நாள் கெளம்புனவன். இதை எடுக்க முடியாது." ஓரமாக வைத்தார். "இது மூலத்துக்குச் சூரணம், இதை எடுத்தா அவன் உக்காரவே முடியாது. இது புள்ள போட்டோ, இது எடையே இல்ல." ஒவ்வொன்றாக எடுத்து, யாருடையது என்று சொல்லி, மறுபடி உள்ளே வைத்தார். எடை குறையவில்லை. ஏஜெண்டின் ஆள் கடிகாரத்தைத் தட்டினான். அப்போது மாமாவின் கண்ணில் என் சட்டைகள் பட்டன. அம்மா கஞ்சி போட்டு, பெட்டி போட்டுத் தேய்த்து அடுக்கிய சட்டைகள்.

"துணிமணி அங்கயும் விக்கும் மாப்ள" என்று மொத்தத்தையும் எடுத்துத் தன் நீலப் பைக்குள் திணித்தார். பேண்ட் போயிற்று. துண்டு போயிற்று. மஸ்கட்டில் போய் இறங்கும்போது என்னிடம் உடுத்திய துணியும், பதினைந்து வீட்டு ஊறுகாயும் மட்டும் இருக்கும் என்று தெரிந்தது.

"என் சட்டையை எடுக்காதீங்க மாமா!"

நான்தான் கத்தினேன். எனக்கே தெரியவில்லை. டிராலி தள்ளிக்கொண்டு போன ஒரு குடும்பம் நின்றுவிட்டது. துப்பாக்கிக் காவலர் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரோடதும் போவணும், என்னோடது மட்டும் போவக்கூடாதா? நான்தான போறேன்? வைங்க திரும்ப!"

மாமா என்னை அண்ணாந்து பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அடேங்கப்பா! இந்தச் சத்தத்தை விழுப்புரத்துல போட்டிருந்தா பஸ்ஸு மட்டுமா, ரயிலே நின்னிருக்கும்."

ஏஜெண்டின் ஆள், "பெரியவரே, டைம்" என்றான்.

"இரு தம்பி. அவன் கேக்குறதும் ஞாயம். அவங்க குடுத்ததும் போய்ச் சேரணும். மாப்ள, கையைத் தூக்கு" என்றார்.

சட்டைக்கு மேல் சட்டை போட்டார். அதற்கு மேல் ஒன்று. நாலாவதற்குப் பொத்தான் எட்டவில்லை, திறந்தே விட்டார். வேட்டி மறைப்பில் பேண்டுக்கு மேல் இன்னொரு பேண்ட். துண்டைக் கழுத்தில் சுற்றினார். சித்திரை மாத வெயிலில், மெட்ராஸில். என் கைகள் உடம்போடு ஒட்டாமல் இறக்கை மாதிரி விலகி நின்றன. தராசு ஒத்துக்கொண்டது.

வாசலில் நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிய முயன்றேன், முடியவில்லை. அவரும் அதைக் கவனிக்கவில்லை. காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சார், எங்க மாப்ள. கொஞ்சம் கூச்சப்படுவான். மத்தபடி நல்ல பையன். உள்ள யாருகிட்டயாவது சொல்லி விடுங்க." காவலர் வடக்கத்திக்காரர், ஒரு வார்த்தை புரிந்திருக்காது. மாமா விடவில்லை. அவர் தலையாட்டும்வரை சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நான் திரும்பிப் பார்த்தபோது, என்னைப் பார்க்காமல் அந்தக் காவலருக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான். மூன்றாவது வருஷம் நான் முதல் விடுப்பில் வந்தபோது, எதிர்வீட்டில் சுவரில் மாலையோடு இருந்தார்.

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பையன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அழுகிறான் என்று தெரிந்தது. பார்க்காததுபோல முன் இருக்கையின் முதுகைப் பார்த்தேன். என் தொழிலே அதுதானே. வண்டி மேலே ஏறியது, காது அடைத்தது. அவன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். நான்கு சட்டைக்குள் வியர்வை ஊற்றியது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

முன்பின் தெரியாத ஒருவரை நானாக ஒரு கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை.

"திருத்துறைப்பூண்டி" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்தவன் அழுகையை மறந்துவிட்டான். "என்னங்க இது, இத்தனை சட்டை?"

"அது பெரிய கதை தம்பி" என்று ஆரம்பித்தேன். எலுமிச்சை ஊறுகாயில் ஆரம்பித்து, யார் எந்த வீடு, எந்தப் பொட்டலம் யாருக்கு, பாட்டில் ஏன் கனம் என்று எல்லாவற்றையும் விளங்கச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு ம் கொட்டினான். பிறகு பணிப்பெண் கொடுத்த கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டான். நான் நிறுத்தவில்லை. மஸ்கட்டில் விமானம் தரையைத் தொட்டபோது, நான் இன்னும் விழுப்புரத்தைத் தாண்டியிருக்கவில்லை.